பேஸ்பால் பசங்களுக்கு முழங்கை ஏன் இவ்ளோ சீக்கிரம் போகுது

டாமி ஜான் சர்ஜரின்னா பேஸ்பால் பாக்குறவங்க எல்லாருக்கும் தெரியும், முழங்கையில கிழிஞ்ச லிகமெண்ட்டுக்கு (எலும்பையும் எலும்பையும் பிணைக்கற நார்) பதிலா உடம்புல வேற இடத்துல இருந்து ஒரு நாண எடுத்துக் கட்டற ஆபரேஷன். ஜப்பான் ஸ்டார் ஷோஹேய் ஓட்டானி 2018ல பண்ணிக்கிட்டாரு, 2023ல மறுபடி முழங்கையில கத்தி வச்சாங்க, ஜேக்கப் டிக்ராம்னு இன்னொரு ஸ்டாருக்கு ரெண்டு தடவ ஆச்சு, அதனால இது ஏதோ கோடிக்கணக்குல சம்பளம் வாங்கிக்கிட்டு பத்து பதினஞ்சு வருஷம் வீசித் தேஞ்சு போன கைக்குப் பண்ற ஆபரேஷன்னு தான் நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். ஆனா அமெரிக்காவுல 2007ல இருந்து 2011 வரைக்கும் இன்சூரன்ஸ் ரெக்கார்டுல இருந்த இந்த ஆபரேஷன எல்லாம் வயசு வாரியா பிரிச்சுப் பாத்தப்ப, 100க்கு 56.7 பேரு 15ல இருந்து 19 வயசுக்குள்ள இருந்தவங்க. ஸ்கூல் பசங்க, காலேஜுல அப்பதான் கால் வச்ச பசங்க. மேஜர் லீக்னு சொல்ற டாப் ப்ரொஃபஷனல் லீக் பக்கமே போகாதவங்க தான் அதுல பெரும்பாலும்.

இது எப்டி ஆகுதுன்னு புரியணும்னா முதல்ல பிட்சரோட (பால வீசறவரு, நம்ம பௌலர் மாதிரி) கை என்ன பண்ணுதுன்னு பாக்கணும். நம்ம ஊர்ல கிரிக்கெட் தான் எல்லாத்துக்கும் அளவுகோல், அதுல இருந்தே வருவோம். கிரிக்கெட்ல பௌலர் முழங்கைய 15 டிகிரிக்கு மேல நீட்டக்கூடாது, நீட்டுனா த்ரோன்னு சொல்லிடுவாங்க, அதனால ஃபாஸ்ட் பௌலருக்கு லோடு எல்லாம் கீழ் முதுகுக்குப் போகுது, பத்தொம்பது இருபது வயசு பௌலருங்க முதுகெலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்னு உக்காந்துடறது அதனாலதான். பேஸ்பால்ல அந்தத் தடையே கிடையாது. முழங்கைய மடக்கி, பின்னாடி வளைச்சு, அப்புறம் சாட்டையா விடறது தான் ஆட்டமே. கிரிக்கெட் பால் 156 கிராமுக்குக் குறையாது, பேஸ்பால் 150 கிராம் கூட வராது. ஆக பாலோட வெயிட் இங்க விஷயமே இல்ல, கை போற ஸ்பீடு தான்.

ஒரு பிட்ச, அதாவது பிட்சர் ஒரு பால வீசறத, ஸ்லோ மோஷன்ல பாருங்க. முன்னங்கால் தரையில பதியுது, இடுப்பு திரும்புது, நெஞ்சு திரும்புது, ஆனா கை மட்டும் இன்னும் பின்னாடியே கிடக்கு. ஒரு கட்டத்துல முன்னங்கை கிட்டத்தட்ட தரைக்கு இணையா மல்லாந்து படுத்துடும், உள்ளங்கை வானத்தப் பாக்கும், பாத்தா கையே ஒடிஞ்ச மாதிரி தான் தெரியும். அந்த நொடியில முழங்கையோட உள்பக்கம் பிளந்து விரியப் பாக்குது. அத விரியவிடாம பிடிச்சு வச்சிருக்கறது கட்டை விரல் நகத்து அகலம் கூட வராத ஒரு தசைநார், பேரு அல்னார் கொலாட்டரல் லிகமெண்ட், சுருக்கமா யூசிஎல். அடுத்த கணம் தோள் முன்னாடி சுழலுது, ஒரு செகண்டுக்கு சுமார் 7,000 டிகிரி ஸ்பீடுல. அதே ஸ்பீடுல நிக்காம சுத்துனா ஒரு செகண்டுல 19 ரவுண்டு வந்துடும். மனுஷ உடம்புல அளந்து பாத்த அசைவுலயே ரொம்ப வேகமானதுல இது ஒண்ணு.

அலபாமாவுல பர்மிங்ஹாம்ல அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட்னு ஒரு இடம் இருக்கு, ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ்னு பெரிய சர்ஜன் ஆரம்பிச்சது, அங்க க்ளென் ஃப்ளைசிக்னு ஒரு ஆராய்ச்சியாளர் பிட்சருங்க உடம்புல மார்க்கர் ஒட்டி, கேமரா வச்சு இந்த முறுக்கு விசைய கணக்குப் போட்டாரு. ப்ரொஃபஷனல் பிட்சருக்கு முழங்கையில சுமார் 64 நியூட்டன் மீட்டர் வருது. முழங்கையில இருந்து ஒரு அடி தள்ளி 20 கிலோவுக்கு மேல ஒரு வெயிட்ட தொங்கவிட்டா எவ்ளோ இழுக்குமோ அவ்ளோ. இன்னொரு பக்கம், இறந்தவங்க முழங்கைய வச்சு லேப்ல இழுத்துப் பாத்ததுல அந்த லிகமெண்ட் சுமார் 32 நியூட்டன் மீட்டர்லயே அறுந்துடுச்சு. மொத்த லோடுல பாதிக்கு மேல கொஞ்சம் லிகமெண்ட் தாங்குதுன்னு வச்சுக்கிட்டா கூட, ஒவ்வொரு ஃபுல் ஸ்பீடு பிட்சும் அறுந்து போற எல்லைய தொட்டுட்டுத் தான் வருது.

அப்போ முதல் நாளே ஏன் அறுந்து போகல? முன்னங்கை உள்பக்கம் இருக்கற தசைங்க தான் காரணம். மணிக்கட்ட மடக்குற, முன்னங்கைய திருப்புற தசை எல்லாம் முழங்கை உள்பக்கம் முண்டா தட்டுப்படுமே, அந்த எலும்புல இருந்து தான் கிளம்புது (அதுக்குப் பின்னாடி பள்ளத்துல தான் நரம்பு ஓடுது, இடிச்சா சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடிக்கும்). இந்தத் தசைங்க இறுக்கிப் பிடிச்சு லிகமெண்ட்டுக்குப் போற லோடுல ஒரு பங்க வாங்கிக்குதுன்னு தான் டாக்டருங்க விளக்கம். தசை ஃப்ரெஷ்ஷா இருக்கற வரைக்கும் ஓகே. தசை சோர்ந்து போச்சுன்னா அந்தப் பங்கும் லிகமெண்ட் தலையில தான் விழும். இத ஞாபகத்துல வச்சுக்கோங்க, கீழ வர்ற நம்பர் எல்லாம் இங்கதான் வந்து நிக்கப் போகுது.

சின்னப் பசங்களுக்கு இதுல ஒரு கூடுதல் சிக்கல். அதே ஃப்ளைசிக் அளவுல சின்னப் பையனுக்கு 28, ஹைஸ்கூல் பையனுக்கு 48, காலேஜுக்கு 55, ப்ரொஃபஷனலுக்கு 64ன்னு வந்துச்சு. 28 தானேன்னு விட்டுட முடியாது, ஏன்னா அந்தப் பையனுக்கு உள்பக்க முண்டு எலும்பு இன்னும் கை எலும்போட ஒட்டவே இல்ல, நடுவுல க்ரோத் பிளேட்டுன்னு குருத்தெலும்பு மாதிரி ஒரு பட்டை இருக்கும், அது முழுசா எலும்பாகி ஒட்டிக்க 15, 16, சில பேருக்கு 17 வயசு கூட ஆகும். லிகமெண்ட்டும் தசையும் ரெண்டுமே அந்த முண்டுல தான் மாட்டியிருக்கு. ஈரம் காயாத சிமெண்ட்டுல அடிச்ச ஆணில போய் கயிறு கட்டி இழுத்தா கயிறா அறும், ஆணி தான் பேந்துக்கிட்டு வரும், அது தான் இங்க நடக்குது. பெரியவங்களுக்கு லிகமெண்ட் கிழியும், சின்னவனுக்கு எலும்பு முண்டே இழுபட்டு வீங்கும், விலகும், சில நேரம் ஒரே பிட்ச்ல பிச்சுக்கிட்டு வந்துடும். இதுக்கு லிட்டில் லீகர்ஸ் எல்போன்னு 1960லயே பேரு வச்சுட்டாங்க (லிட்டில் லீக்ங்கறது சின்னப் பசங்களுக்கான பேஸ்பால் லீக்).

உள்பக்கம் விரியும்போது வெளிப்பக்கம் சும்மா இருக்காது, அங்க ரெண்டு எலும்பும் ஒண்ணோட ஒண்ணு நசுங்கும். வளர்ற பையனுக்கு அந்த இடத்துல ரத்த ஓட்டமே கம்மி, திரும்பத் திரும்ப நசுங்குனா எலும்போட சேர்ந்து குருத்தெலும்பு ஒரு துண்டா உதிர ஆரம்பிச்சு, மூட்டுக்குள்ளயே மிதந்து, கை நடுவுல லாக் ஆகி நின்னுடும். உள்பக்க வலிய விட இத நான் சீரியஸா எடுத்துப்பேன், ஏன்னா உள்பக்கத்துல வர்றது ரெஸ்ட் குடுத்தா பெரும்பாலும் சரியாயிடுது, இது வயசான பிறகும் மூட்டு தேய்மானமா கூடவே வரலாம்.

1965ல கலிஃபோர்னியால ஒரு டாக்டர் 9ல இருந்து 14 வயசு பசங்க முழங்கைய எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாரு, அதுல பிட்சருங்க 80 பேரு, அந்த 80 பேருக்குமே வீசுற கையில கொஞ்சமோ நிறையவோ மாற்றம் இருந்துச்சு. பெரிய பரபரப்பு. அப்புறம் 1976ல ஹூஸ்டன்லயும் ஓரிகன்ல யூஜின்லயும் வேற குரூப் பாத்தப்ப நிலைமை அவ்ளோ மோசமா தெரியல. உடனே சரி, பயந்தது தான் மிச்சம்னு எல்லாரும் மறந்துட்டாங்க. ஆனா அந்தக் காலத்துப் பையன் கோடையில மட்டும் பேஸ்பால், குளிர் வந்தா பாஸ்கெட்பால், ஃபுட்பால்னு மாறிடுவான். இப்ப அப்டி இல்ல. ஸ்கூல் டீம், அது முடிஞ்சா டிராவல் டீம் (ஊர் ஊரா போய் ஆடற தனியார் டீம்), வீக்கெண்டுல டோர்னமெண்ட், நடுவுல ஷோகேஸ் (ஸ்கவுட்டுங்க முன்னாடி திறமைய காட்டற கேம்ப்), தனியா காசு குடுத்து பிட்சிங் கோச்னு வருஷம் பூரா ஒரே கை தான் வீசிக்கிட்டு இருக்கு. ஃப்ளோரிடா, டெக்சாஸ், கலிஃபோர்னியா மாதிரி வெயில் ஸ்டேட்ல பனின்னு ஒரு சாக்கு கூட கிடையாது.

2006ல அதே பர்மிங்ஹாம்ல இருந்து வந்த ஒரு ஸ்டடி இருக்கு. முழங்கை, தோள் ஆபரேஷன் ஆன 95 இளம் பிட்சருங்களையும் அடியே படாத 45 பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேள்வி கேட்டாங்க. வருஷத்துல 8 மாசத்துக்கு மேல பிட்ச் பண்ணவனுக்கு ஆபரேஷன் சான்ஸ் சுமார் 5 மடங்கு. ஒரு மேட்ச்ல சராசரியா 80க்கு மேல வீசுனவனுக்கு 4 மடங்கு கிட்ட. மணிக்கு 85 மைலுக்கு மேல ஸ்பீடு இருந்தா ரெண்டரை மடங்கு. இதெல்லாம் ஓரளவு எதிர்பாத்தது தான். கை சோர்ந்து போயும் அடிக்கடி வீசுனவனுக்கு எத்தன மடங்கு தெரியுமா, 36. பின்னாடி நடந்தத ஞாபகப்படுத்திச் சொன்ன பதிலு, சின்ன குரூப்பு, அதனால அந்த 36அ வேத வாக்கா எடுத்துக்க வேணாம், ஆனா பாதியா வெட்டுனாலும் மத்த எல்லாத்தையும் விட அது தான் மேல நிக்குது. தசை பங்கு வாங்கலன்னா லிகமெண்ட் தனியா மாட்டிக்கும்னு மேல சொன்னதோட அப்படியே பொருந்துது பாருங்க.

அப்புறம் 2011ல வந்தது இதவிட உறுதியான வேல, 9ல இருந்து 14 வயசு பிட்சருங்க 481 பேர 10 வருஷம் பின்தொடர்ந்து பாத்தாங்க. அதுல 5 சதவீதம் பேருக்கு ஆபரேஷனோ, இல்ல அடியால ஆட்டத்தையே விடறதோ நடந்துச்சு. எந்த வருஷமாவது 100 இன்னிங்ஸுக்கு மேல (எதிர் டீம்ல மூணு பேரு அவுட் ஆகற வரைக்கும் வீசறது ஒரு இன்னிங்ஸ்) வீசுனவனுக்கு அது மூணரை மடங்கு அதிகம்.

கர்வ் பால் (வளைஞ்சு கீழ இறங்கற பால்) தான் வில்லன்னு ஒரு பேச்சு அமெரிக்க அப்பாக்கள் மத்தியில ரொம்ப காலமா ஓடுது, "என் பையன் ஷேவ் பண்ற வரைக்கும் கர்வ் போட விடமாட்டேன்" ங்கற மாதிரி. 2002ல 476 பசங்கள ஒரு சீசன் பூரா பாத்ததுல கர்வ் போட்டவனுக்கு தோள் வலி 52 சதவீதம் அதிகம், ஸ்லைடர் (வேகமா வந்து பக்கவாட்டுல விலகற பால்) போட்டவனுக்கு முழங்கை வலி 86 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. ஆனா லேப்ல மார்க்கர் ஒட்டி அளந்தா பசங்க கையில கர்வ விட ஃபாஸ்ட்பால் தான் முழங்கைய அதிகமா முறுக்குது! ரெண்டும் எப்டி உண்மையா இருக்கும்? என் கணிப்பு, பன்னெண்டு வயசுல நல்லா கர்வ் போடறவன் தான் டீமோட ஏஸ், அதாவது முதல் நம்பர் பிட்சர், அவன ஒரு பய அடிக்க முடியாது, அதனால கோச் அவன் கையில தான் திரும்பத் திரும்ப பால குடுப்பாரு, கை போறது அந்த எண்ணிக்கையில. கர்வ் மேல பழி போட்டா பெரியவங்களுக்கு ஒரு வசதி இருக்கு, ஃபாஸ்ட்பால் மட்டும் தானே வீசுறான்னு சொல்லிக்கிட்டே வருஷம் பூரா வீச விடலாம்.

சரி, ரூல் இல்லையான்னா இருக்கு. லிட்டில் லீக் 2007ல இன்னிங்ஸ் கணக்க விட்டுட்டு பிட்ச் கணக்குக்கு மாறுச்சு. 9, 10 வயசுக்கு ஒரு நாளைக்கு 75, 11, 12க்கு 85, 13ல இருந்து 16 வரைக்கும் 95. 14 வயசும் அதுக்குக் கீழயும் இருக்கறவன் 66க்கு மேல வீசிட்டான்னா 4 நாள் கட்டாய ரெஸ்ட். 41 பிட்ச் வீசுனவன அன்னைக்கு கேட்சரா (விக்கெட் கீப்பர் மாதிரி பின்னாடி உக்காந்து பால பிடிக்கறவன்) உக்கார வைக்கக் கூடாது, ஏன்னா கேட்சர் ஒவ்வொரு பாலையும் திருப்பி வீசணும்ல. 2014ல மேஜர் லீக்கும் யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து பிட்ச் ஸ்மார்ட்னு கைட்லைன் போட்டாங்க, சின்னப் பசங்களுக்கு வருஷத்துல 4 மாசமாவது வீசறதுக்கு லீவு குடுங்கன்னு அதுல இருக்கு. 2017ல இருந்து ஹைஸ்கூலுக்கும் ஒவ்வொரு ஸ்டேட்டும் பிட்ச் லிமிட் வைக்கணும்னு ஆச்சு.

ஓட்டை எங்கன்னா, இந்த கவுண்டு எல்லாம் அந்தந்த லீகுக்குள்ள மட்டும் தான். செவ்வாக்கிழமை ஸ்கூல் மேட்ச்ல 80 வீசுனது சனிக்கிழமை டிராவல் டீம் கோச்சுக்கு யாரு சொல்லணும்? பையன் சொல்ல மாட்டான், பெஞ்சுல உக்கார வச்சுடுவாங்கன்னு பயம். அப்பா பல நேரம் சொல்றதில்ல. இன்னொண்ணு, மேட்ச்ல வீசுறது மட்டும் தான் எண்ணறாங்க. ஃப்ளோரிடால ஹைஸ்கூல் பிட்சருங்க வீசுற ஒவ்வொரு பாலையும், புல்பென்ல (பிட்சருங்க தயாராகற இடம்) வார்ம் அப் பண்றது, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கு முன்னாடி போடறது எல்லாத்தையும் சேத்து எண்ணிப் பாத்தாங்க, 2018ல வெளியாச்சு, 100ல 40க்கு மேல ஸ்கோர் புக்குக்கே வராத பிட்ச். ஸ்கோர்ல 80ன்னா கை கணக்குல 130ஐத் தாண்டிடுது. அங்க புள்ளைங்கள லிட்டில் லீக்ல சேத்துருக்கற நம்ம ஆளுங்க ஃபோன்ல இருக்கற பிட்ச் கவுண்டர் ஆப்ப மட்டும் நம்பாம இத மனசுல வச்சுக்கலாம்.

இந்தப் பக்கம் ஸ்பீடு மோகம். மேஜர் லீக்ல ஃபாஸ்ட்பால் சராசரி 2008ல 91 மைல் சொச்சம், 2024ல 94ஐத் தாண்டிடுச்சு. மேல அப்டி இருந்தா கீழ ஷோகேஸ்ல ரேடார் கன் என்ன காட்டுதுங்கறது தான் பையனோட ஜாதகம், ஸ்கவுட்டு நோட்டுல எழுதறது அந்த ஒரு நம்பரத் தான். அதனால கனமான பால வீசி ஸ்பீடு ஏத்தற ட்ரெயினிங் பரவுச்சு. 2018ல வந்த ஒரு சோதனையில 13ல இருந்து 18 வயசு பசங்கள ரெண்டா பிரிச்சு ஒரு குரூப்புக்கு 6 வாரம் அத குடுத்தாங்க, ஸ்பீடு 3.3 சதவீதம் ஏறுச்சு, அதே குரூப்புல நாலுல ஒரு பங்கு பேருக்கு அடியும் பட்டுச்சு, இன்னொரு குரூப்புல ஒருத்தனுக்கும் படல. சின்ன சோதனை தான், ஆனா நம்ம வீட்டுப் பையன வச்சு மறுபடி செஞ்சு பாக்க எனக்கு தைரியம் வராது.

ஆபரேஷன் இருக்கே, அது கைய முன்ன விட ஸ்ட்ராங் ஆக்கிடும்னு ஒரு நம்பிக்க வேற. இதுக்கு டாமி ஜான் கதையே ஒரு காரணம். 1974 ஜூலைல லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீமோட பிட்சர் டாமி ஜான், 13 வெற்றி 3 தோல்வின்னு பறந்துக்கிட்டு இருந்தப்ப முழங்கை லிகமெண்ட் போச்சு. செப்டம்பர்ல ஃப்ராங்க் ஜோப்னு டாக்டர் அவரோட வலது முன்னங்கையில இருந்து ஒரு தசைநாண எடுத்து, இடது முழங்கை எலும்புல ஓட்டை போட்டு நுழைச்சு லிகமெண்ட்டா கட்டுனாரு. (கட்டை விரலையும் சுண்டுவிரலையும் சேத்து மணிக்கட்ட லேசா மடக்குங்க, நடுவுல நரம்பு மாதிரி விடைச்சுக்கிட்டு நிக்குதே, அது தான். சில பேருக்கு அது பிறவியிலயே இருக்காது, இல்லாட்டியும் ஒரு நஷ்டமும் இல்ல.) பிழைக்க நூத்துல ஒரு சான்ஸ்னு ஜோப் சொன்ன கை 1976ல திரும்பி வந்து, 1989 வரைக்கும் ஆடி, இன்னும் 164 மேட்ச் ஜெயிச்சுது. கேக்கவே நல்லா இருக்குல்ல? 2012ல ஒரு சர்வேல ஹைஸ்கூல் பிளேயருங்கள கேட்டா 51 சதவீதம் பேரு, அடியே படாத கைக்குக் கூட ஆட்டம் நல்லா வர இந்த ஆபரேஷன் பண்ணலாம்ங்கறாங்க, பெத்தவங்கள்ல 37 சதவீதம் பேரும் அதையே சொல்றாங்க. உண்மையில புது லிகமெண்ட் ஸ்பீட ஏத்தாது. ஒரு வருஷம், ஒண்ணேகால் வருஷம் முறையா உடம்ப தேத்தி, கைக்கு ரெஸ்டும் குடுத்து திரும்பி வர்றவன் நல்லா வீசுறான்னா அந்த ரெஸ்டயும் தேத்தறதயும் முதல்லயே குடுத்திருக்கலாமே. 100ல 80 பேருக்கு மேல பழைய லெவலுக்கு வர்றாங்கங்கறதும் நிஜம் தான், மீதி பேரு பேர யாரும் ஆபரேஷனுக்கு வைக்க மாட்டாங்க.

ஜப்பான் வேற உலகம். அங்க கோஷியென் ஹைஸ்கூல் டோர்னமெண்ட்னா நாடே டிவி முன்னாடி. 1998ல மட்சுசாகா டைசுகேங்கற பிட்சர் க்வார்ட்டர் ஃபைனல்ல 17 இன்னிங்ஸ் 250 பிட்ச் வீசிட்டு, மறுநாள் செமில கடைசி இன்னிங்ஸ் வந்து, அதுக்கு மறுநாள் ஃபைனல்ல நோ ஹிட்டர் (எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட குடுக்காத மேட்ச்) போட்டாரு, அது அங்க புராணம். 2013ல அன்ராகு டொமோஹிரோ, 16 வயசு, 9 நாள்ல 772 பிட்ச். அப்ப தான் அமெரிக்காக்காரன் வாயப் பொளந்தான். அதே வருஷம் அந்தப் பையன் முழங்கை பிரச்சனையில உக்காந்தான்.

2019ல இவாதே மாநிலத்துல சசாகி ரோகின்னு ஒரு பையன், 163 கிலோமீட்டர் ஸ்பீடு, ஓஃபுனாதோங்கற சாதாரண அரசாங்க ஸ்கூல். மாநில ஃபைனல் ஜெயிச்சா கோஷியென். முந்தின நாள் செமில 129 பிட்ச் வீசியிருந்தான், அதுக்கு முன்னாடி ஒரு மேட்ச்ல 194. கோச் அவன ஃபைனல்ல இறக்கவே இல்ல, டீம் 12க்கு 2ன்னு தோத்துச்சு, ஸ்கூலுக்கு ஃபோன் போட்டுத் திட்டுனாங்க, டிவில விவாதம் வேற. 2020ல இருந்து ஜப்பான் ஹைஸ்கூல் பேஸ்பால் சங்கம் ஒரு வாரத்துக்கு 500 பிட்ச்னு லிமிட் போட்டுச்சு. 500ங்கறது லிமிட்டான்னு கேட்டா நியாயம் தான், ஆனா முன்னாடி அதுவும் இல்ல. சசாகி 2022ல 19 ஸ்ட்ரைக் அவுட்டோட பெர்ஃபெக்ட் கேம் (ஒருத்தனையும் பேஸுக்கே போக விடாத மேட்ச்) போட்டாரு, 2025ல டாட்ஜர்ஸுக்குப் போனாரு, அந்த 2025லயே தோள் வலியில பல மாசம் உக்காந்தாரு. காப்பாத்தி வச்ச கைக்கும் கியாரண்டி கிடையாது, மணிக்கு 100 மைல்னா உடம்பு அதுக்கு ஒரு விலை கேக்கும்.

வீட்ல வீசுற பையன் இருந்தா என்ன பாக்கணும்னா, வலின்னு அவன் வாயால சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். பிட்சுக்கு நடுவுல கைய உதறுவான். ஸ்பீடு இறங்கும், பால் மேல மேல போகும், கண்ட்ரோல் தப்பும். மேட்ச் முடிஞ்சு ரெண்டு கையையும் முழுசா நீட்டச் சொல்லிப் பாருங்க, வீசுற கை மத்ததோட சமமா நீளலன்னா கவனிக்கணும். உள்பக்க முண்டுல அழுத்துனா முகம் சுளிச்சான்னா அன்னையோட வீசறத நிறுத்தி எலும்பு டாக்டர்கிட்ட ரெண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க, க்ரோத் பிளேட் விரிஞ்சிருக்கான்னு இன்னொரு கையோட ஒப்பிட்டாத்தான் தெரியும். வலி மாத்திரை போட்டு அடுத்த மேட்ச் ஆட வைக்கறது தான் இருக்கறதுலயே மோசமான வைத்தியம். லிட்டில் லீகர்ஸ் எல்போன்னா பொதுவா 4ல இருந்து 6 வாரம் ஒரு பாலும் வீசக்கூடாது, அதுக்கப்புறம் கொஞ்ச தூரம், கொஞ்ச எண்ணிக்கைன்னு படிப்படியா ஏத்தணும், நடுவுல வலி திரும்பி வந்தா ஒரு படி கீழ எறங்கணும். அந்த நாள்ல ஃபர்ஸ்ட் பேஸ்ல (அதிகம் வீசாம பால பிடிக்கற ஃபீல்டிங் இடம்) நிக்க வைக்கலாமான்னு கோச் கேப்பாரு, வீச வேண்டி வராதுன்னா சரி, ஆனா பன்னெண்டு வயசுப் பையன் கையில பால் வந்தா வீசாம இருப்பானான்னு அவரயே திருப்பிக் கேளுங்க.